நேர்கோட்டுக் கனகசபாபதி

நுணாவிலில் கனகசபாபதி என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நல்ல மனுசன். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர் மலாயாவில் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர். அவரைத்தான் சனம் நேர்கோட்டுக் கனகசபாபதி என்றது. அவருடைய தமையன் பெண்சாதி பராசக்தி அந்தப் பட்டத்தைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. வெறுமனே, இந்த ஆள் என்பதுபோல, "உவர்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குள் அவள் வைத்திருந்த இளக்காரத்தை விரித்து எழுத வெளிக்கிட்டால் தாள் காணாது.

இருபது வயதில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர் அங்கே ரெயில்வேயில் சேர்ந்தார். றப்பர்க் காட்டுக்கு நடுவில் ஒரு சின்னஞ்சிறு ஸ்ரேசன். நாளுக்கு இரண்டு கோச்சி வரும், இரண்டு கோச்சி போகும். மிச்ச நேரமெல்லாம் ஐயா சுவரில் தொங்கிய தூர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். அப்படி முப்பது வருசம் இருந்ததில் அது அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. வேறொன்றும் மண்டைக்குள் ஏறவில்லை. ஊருக்கு வரும்போது ஒரு வெள்ளைத் தொப்பி, ஒரு குடை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட ஒரு மீசை, இந்த அட்டவணை எல்லாம் கூடவே வந்தன.

சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று ஒரு வண்டில்காரனைக் கேட்டால், இரண்டு சுருட்டுத் தூரம் என்பான். கேட்டவனுக்கு விளங்கும், மாட்டுக்கும் விளங்கும். கனகசபாபதிக்கு மட்டும் அது பொறுக்காது. வண்டிலை மறித்து வைத்து மைல் கணக்குச் சொல்லுவார். தைப்பொங்கலுக்கு வந்தவனுக்கும் மைல் கணக்கு, செத்தவீட்டுக்கு வந்தவனுக்கும் மைல் கணக்கு. அவருடைய பெண்சாதி இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் காது மந்தமானாள் என்று ஊரில் ஒரு பகிடி உலாவியது. பகிடி என்றுதான் சொன்னார்கள். பராசக்தி அதை நம்பினாள்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து பலாலிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பிளேன் வரத் தொடங்கியது. விசருக்கு வேப்பிலை அடித்த மாதிரி ஆயிற்று மனுசனுக்கு. ஒருநாள் பஸ் ஏறிப் பலாலிக்குப் போனார். முட்கம்பி வேலிக்கு வெளியே குடையை விரித்துக்கொண்டு நின்று, ஒரு பிளேன் வந்து இறங்குவதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவ்வளவுதான் அவருக்கும் பிளேனுக்கும் உள்ள சம்பந்தம். ஆனால் அன்று பின்னேரமே தமையன் வீட்டு முற்றத்தில் குடைக்கம்பியால் மண்ணில் இரண்டு புள்ளி குத்தி, நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

"இது கொழும்பு. இது பலாலி. ரோட்டாலை இருநூற்றைம்பது மைல். கோச்சியாலை அதைவிடக் கூட. ஆகாசத்தாலை நேர்கோடு பிடிச்சால் இருநூறு மைலும் வராது. ஒண்டரை மணித்தியாலம். கோச்சிக்குப் பன்ரண்டு மணித்தியாலம். உங்களுக்கு விளங்குதே அண்ணை?"

அண்ணை நமசிவாயம் விளங்குது என்று தலையாட்டினார். அவர் தோட்டக்காரன். பனைக்கு ஏணி வைத்து எட்டாத மேகம் ஒன்றும் தனக்கு வேண்டாம் என்று இருந்த சாதுவான மனுசன். தம்பி படித்தவன் என்ற ஒரே எண்ணத்தில், வீட்டில் எந்தப் பெரிய காரியத்தையும் தம்பி சொல்லுக்கு விட்டுவிடுவார். ஒரே மகன் தியாகராசாவை எந்தப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கொழும்பில் எந்தக் கந்தோரில் சேர்ப்பது, எல்லாம் தம்பி வைத்த வரிசைதான். பொடியனும் குஞ்சியப்பு சொன்னால் வேதவாக்கு என்று வளர்ந்துவிட்டான்.

பராசக்தி முற்றம் கூட்டுகிற விளக்குமாற்றோடு வந்து அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கொழும்பிலையிருந்து பலாலிக்கு ஒண்டரை மணித்தியாலம். சரி. பலாலியிலையிருந்து நுணாவிலுக்கு?"

"அது கார் பாதை மச்சாள். அதைப் பிளேன் கணக்கிலை சேக்கக்கூடாது."

"அப்ப பலாலியிலை இறங்கினவன் அங்கையே குடியிருக்கிறதோ?"

நமசிவாயம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். கனகசபாபதி மீசையை முறுக்கினார். பராசக்தி விளக்குமாற்றால் கொழும்பையும் பலாலியையும் ஒரே இழுவையில் கூட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

அடுத்த வைகாசியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நமசிவாயம் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கத் துலா மிதித்துவிட்டு வந்து கிணற்றுக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தண்ணி கேட்டார். பராசக்தி செம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். நோயில்லை, படுக்கையில்லை, ஒரு வார்த்தை இல்லை. அப்படியும் ஒரு சாவு.

அழுகைக்கு நடுவிலும் பராசக்தி ஒன்றை மறக்கவில்லை. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கிறவன்தான் பிறகு காடாற்றுவது, எட்டு, அந்தியேட்டி, ஆட்டத் திவசம் என்று எல்லாக் கருமத்தையும் செய்யவேண்டும். பெற்ற மகன் இருக்க இன்னொருவன் கொள்ளிக்குடம் தூக்கினால், அந்த மகன் ஒரு வருசம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதைவிட, தியாகராசா தகப்பனைப் பார்த்துத் தைப்பொங்கலோடு நாலு மாதமாயிற்று. முகமாவது பார்க்கவேண்டும். அவளுக்கு உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

"பிள்ளைக்குத் தந்தி அடியுங்கோ" என்றாள். "இரவு மெயில் கோச்சியிலை ஏறச்சொல்லி அடியுங்கோ. விடியச் சாவகச்சேரியிலை இறங்கியிடுவான்."

அவள் தமையன் செல்வநாயகம் வெளிக்கிட்டான். அதற்குள் கனகசபாபதி தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். தந்தி இங்கிலீசில் எழுதவேண்டுமாம், செல்வநாயகத்துக்கு அது சரிவராதாம். குடையை எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தார். திரும்பி வரும்போது அவருடைய முகத்தில் துக்கத்தோடு துக்கமாக வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. இழவு வீட்டில் யார் அதையெல்லாம் கவனித்தார்கள்?

மறுநாள் காலமை மெயில் கோச்சி சாவகச்சேரியில் நின்று கூவிவிட்டுப் போனது. அந்தக் கூவல் வீட்டுக்குக் கேட்கும். பராசக்தி பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழும்பிப் படலைக்கு வந்தாள். ஸ்ரேசனுக்கு வண்டில் கொண்டுபோன செல்வநாயகம் வெறும் வண்டிலோடு வந்தான்.

"பிள்ளை எங்கை?"

"கோச்சியிலை இல்லை தங்கச்சி. பெட்டி பெட்டியாப் பாத்தன்."

கனகசபாபதி பந்தலுக்கு நடுவில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ஸ்ரேசனில் மணி அடிக்கப் போகிறவர் மாதிரி எல்லோரையும் ஒருக்கால் பார்த்தார்.

"அவன் கோச்சியிலை வரமாட்டான். பிளேனிலை வரச்சொல்லித் தந்தி அடிச்சனான்."

பந்தலில் ஒரு சலசலப்பு எழுந்தது. பராசக்தி அவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பிளேன் எத்தினை மணிக்குக் கொழும்பிலை வெளிக்கிடும்?"

"காலமை பத்து மணிக்கு."

"இப்ப என்ன நேரம்?"

"ஏழரை."

"கோச்சி வந்து சேந்திட்டுது. உம்மடை பிளேன் இன்னும் வெளிக்கிடேல்லை."

"மச்சாள், நீங்கள் பிரயாண நேரத்தைக் கணக்கெடுக்கிறியள் இல்லை" என்றார் கனகசபாபதி. குழந்தைப்பிள்ளைக்குச் சொல்லுகிற பொறுமை அவருடைய குரலில் இருந்தது. "கோச்சி பன்ரண்டு மணித்தியாலம் ஓடினது. பிளேன் ஒண்டரை மணித்தியாலம்தான் பறக்கும். எது கெதி?"

அறப்படித்த மூஞ்சூறு கழுநீர்ப்பானைக்குள் விழுந்தது என்று சொல்லுவார்கள். விழுந்த மூஞ்சூறு தன் பாட்டில் செத்துப்போகும். இந்த மூஞ்சூறு அடுத்தவன் குடியையும் இழுத்துக்கொண்டல்லவா விழுந்தது! முந்தி வெளிக்கிடுகிறது முந்தி வரும் என்று ஆடு மேய்க்கிறவனுக்குத் தெரியும். ஸ்ரேசனில் முப்பது வருசம் கொடி பிடித்தவருக்குத் தெரியவில்லை. இல்லை, தெரியவில்லை என்று விட்டுவிடவும் முடியாது. நுணாவிலிலே, ஏன், தென்மராட்சியிலேயே, ஒரு பிள்ளை பிளேனில் பறந்து வந்து தகப்பனுக்குக் கொள்ளி வைத்தான் என்ற பேர் தன்னால் வரவேண்டும் என்ற பவிசுதான் மனுசனைப் பிடித்து ஆட்டியது. தமையன் பிணமாகக் கிடக்கிறார், இவருக்குப் பவிசு.

அதைவிடக் கேவலம் சனம். ஒருவனாவது, ஏன் காணும் இப்பிடிச் செய்தனீர் என்று கேட்டானா? "பிளேனிலையோ?" என்றார்கள். "எங்கடை தியாகராசனோ?" என்றார்கள். எட்டு மணிக்குள் கதை கைதடி மட்டும் போய்விட்டது. சொந்தமில்லாதவன், கொண்டாட்டமில்லாதவன், நமசிவாயத்தோடு வேலிச் சண்டை பிடித்துப் பத்து வருசம் முகம் பாராதவன் எல்லாம் வெள்ளை வேட்டி உடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வந்தவர்கள் பிணத்தை ஒரு கண்ணாலும் ரோட்டை ஒரு கண்ணாலும் பார்த்தார்கள். பெண்டுகள் பராசக்தியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துவிட்டு, மூக்கைச் சீறிக்கொண்டே, "பிள்ளை பிளேனாலை இறங்கேக்கை தலை சுத்தாதோ?" என்று கேட்டார்கள். பராசக்திக்கு அவர்களுடைய கைகளை உதறிவிட்டு எழும்பவேண்டும் போல இருந்தது. எழும்பவில்லை. புருசனுடைய முகத்தில் இலையான் இருக்காமல் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்குப் பிரேதம் எடுப்பது என்று கனகசபாபதி நேரம் வைத்திருந்தார். ஒரு மணி வந்தது. இரண்டு மணியும் வந்தது. சுண்ணம் இடித்து முடிந்தது. பறைமேளக்காரர் அடித்துக் களைத்துப் பூவரச நிழலில் போய்க் குந்திக்கொண்டார்கள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சோளகக் காற்றிலும் நெருப்பு வீசியது. கனகசபாபதி அடிக்கடி முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"வானம் வெளிச்சமாக் கிடக்கு. ஒரு முகில் இல்லை. பிளேன் வராமல் விடாது."

அவர் பார்த்தது நுணாவில் வானத்தை. வைகாசியில் கொழும்பில் மழை கொட்டும் என்பதை, ஊரிலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன எந்தப் பொடியனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். அங்கே ஆறு போல மழை ஓட, தியாகராசா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரத்மலானை விமான நிலையத்தில் காத்துக் கிடந்தான். இங்கே குஞ்சியப்பு தன் தலைக்கு மேலிருந்த வெயிலை வைத்துச் சாத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்குப் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். செல்வநாயகம் தங்கச்சியிடம் வந்தான்.

"இனி வைச்சிருக்கேலாது தங்கச்சி. நேத்து மத்தியானம் போன உயிர். வெயிலும் இப்பிடி. பொழுதுபட முந்தி நெருப்பு வைக்கோணும்."

"நாளைக்குக் காலமை மட்டும் பொறுங்கோ அண்ணை" என்றாள் பராசக்தி. "பிள்ளை ஒருக்கால் முகத்தைப் பாக்கட்டும். நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"நாளைக்குச் சனி. சனிப்பிணம் தனிப்போகாது."

"பாடையிலை கோழிக்குஞ்சைக் கட்டி விடுங்கோ. ஊரிலை கட்டிறேல்லையே?"

செல்வநாயகம் பிரேதத்தைப் பார்த்தான். பராசக்தியும் பார்த்தாள். காலமையிலிருந்து எத்தனை சாம்பிராணி போட்டும் அடங்காத ஒன்று வீட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தது. முப்பது வருசம் கூட வாழ்ந்த மனுசனை நாலுபேர் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்குகிற நிலைக்கு விட அவளுக்கு மனம் வரவில்லை.

"எடுங்கோ" என்றாள்.

யார் கொள்ளி வைப்பது என்ற கேள்வி வந்தது. நமசிவாயத்தின் ஒன்றுவிட்ட தமையனின் மகன் ஒருவன் இருக்கிறான், அவனை வைக்கச் சொல்லலாம் என்று யாரோ சொன்னார்கள். கனகசபாபதி உடனே அது நல்லது என்றார்.

"வேண்டாம்" என்றாள் பராசக்தி. "உவர் வைக்கட்டும்."

"நானோ? மச்சாள், எனக்கு இந்த வெயிலுக்கை சுடலைக்கு நடக்க..."

"கடற்கரைச் சுடலை அரை மைல்தான். நீர் மைல் கணக்குத் தெரிஞ்ச ஆளெல்லோ. கூடப்பிறந்த தம்பி இருக்க வேறை ஆரைத் தேடிறது? என்ரை பிள்ளையின்ரை கொள்ளியைத் தட்டிப் பறிச்சனீர். நீரே தூக்கும்."

அவர் நாலு பக்கமும் பார்த்தார். காலமையிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு அவர் கதையைக் கேட்ட சனத்தில் ஒருவனும் வாய் திறக்கவில்லை. நாவிதர் கத்தியோடு கிணற்றடியில் காத்திருந்தார். கொள்ளி வைக்கிறவன் மீசையோடு போகமுடியாது. முப்பது வருசம் மலாயா எண்ணெய் குடித்து வளர்ந்த மீசை இரண்டு இழுவையில் போயிற்று. மீசை போன முகத்தில் மேலுதடு உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளிறிக் கிடந்தது. ஈர வேட்டியும் தோளில் கொள்ளிக்குடமுமாக அவர் பாடைக்கு முன்னால் வந்து நின்றதைப் பார்த்தபோது பராசக்திக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னாலும் பொய். மகன் நிற்கவேண்டிய இடத்தில் அந்த மனுசன் நின்றார், அது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

பெண்டுகள் படலை மட்டும் போய் அழுதுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டைக் கழுவினார்கள். பராசக்தியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் முழுக வார்த்தார்கள். வெயில் சரிந்து ஐந்து மணியாகும்போது மேற்குப் பக்கம் இரைச்சல் கேட்டது. வாளியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அத்தனை பேரும் முற்றத்துக்கு ஓடினார்கள். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தா, அந்தா" என்று கையை நீட்டினார்கள். வேலியில் ஏறி நின்றும் பார்த்தாளே ஒருத்தி. பராசக்தி ஈரச் சீலையோடு கிணற்றுக்கட்டில் தனியாக இருந்தாள்.

பொழுது படுகிற நேரம் ஒரு வாடகைக் கார் படலையில் வந்து நின்றது. தியாகராசா இறங்கி ஓடிவந்தான். கழுவிய விறாந்தையில் எரிந்த விளக்கைக் கண்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாயின் மடியில் விழுந்து குழறினான். அவள் அவனுடைய தலையைத் தடவிக்கொண்டே, "கொப்பரை இனி வைச்சிருக்கேலாமல் போச்சு மோனை, எடுத்திட்டினம்" என்றாள்.

"செய்தி கண்ட உடனை நான் மெயிலுக்குத்தான் வெளிக்கிட இருந்தனான் அம்மா. குஞ்சியப்புவின்ரை தந்தியிலை எழுதிக் கிடந்தது. மெயில் வேண்டாம், பிளேனிலை வா, எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினம் எண்டு. குஞ்சியப்பு சொன்னால் நான் எப்பிடித் தட்டிறது?"

சுடலைக்குப் போனவர்கள் முழுகிவிட்டு ஒவ்வொருவராக வந்து பந்தலுக்குள் இருந்தார்கள். கனகசபாபதியும் வந்தார். பொடியன் எழும்பி நின்று அவரைப் பார்த்தான். மீசையில்லாத முகத்தை மட்டுக்கட்ட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் அவனுடைய தோளில் கையை வைத்தார். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"பிளேன் எத்தினை மணிக்கு எழும்பினது?"

"மூண்டே முக்காலுக்கு. காலமை துடக்கம் அங்கை ஒரே மழை."

"பலாலியிலை இறங்கினது?"

"அஞ்சு பத்து."

"ஒரு மணித்தியாலம் இருபத்தைஞ்சு நிமிசம்" என்று கனகசபாபதி பந்தலைப் பார்த்துச் சொன்னார். "நான் ஒண்டரை எண்டனான். அதுக்கும் குறைய."

சொன்னால் நம்பமாட்டீர்கள், நாலைந்து பேர் தலையாட்டினார்கள். முழுகியும் சுடலைப் புகை இன்னும் மயிரில் மணக்க, இருந்த இடத்திலிருந்து அரக்கி அரக்கிக் கிட்ட வந்தார்கள். மேலே இருந்து பார்த்தால் என்ன தெரியும் தம்பி என்று ஒருவன் கேட்டான். பயமில்லையோ என்று இன்னொருவன் கேட்டான். தியாகராசா சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தான். முதலில் ஒற்றைச் சொல்லில்தான் மறுமொழி சொன்னான். பிறகு, பராசக்தி பார்த்துக்கொண்டிருக்கவே, அவனுடைய குரலில் ஒரு தெம்பு வந்தது. கையும் எழும்பியது.

"முதல் கொஞ்சம் வயித்தைப் பிரட்டும். பேந்து ஒண்டுமில்லை. பூநகரி கழிய எங்கடை கடல் எல்லாம் தகரம் விரிச்ச மாதிரிக் கிடக்கும். பனையள் புல்லு மாதிரி. பக்கத்திலை இருந்தவர் காட்டினார், அதுதான் சாவகச்சேரிப் பக்கம் எண்டு. நான் கண்ணாடியோடை முகத்தை வைச்சு எங்கடை வீட்டைத் தேடிப் பாத்தன். தெரியேல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு இடத்திலை மட்டும் புகை எழும்பிக்கொண்டு நிண்டது. ஆரோ தோட்டத்திலை சருகு கொளுத்துகினம் எண்டு நினைச்சன்."

கிட்ட வந்தவர்கள் இருந்த இடத்துக்கே அரக்கிப் போனார்கள். கனகசபாபதி தன் கால்விரலைப் பார்த்தார். தியாகராசா எழும்பிய கையை இறக்காமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். கடைசியில் தாயைப் பார்த்தான்.

"அது சருகில்லை மோனை" என்றாள் பராசக்தி. "அது கொப்பர்."